பெப்ரவரி 12

எங்கள் பாடசாலை மண்டபத்தின் வாயிலில் ஒரு கரும்பலகை உண்டு. மேல்வகுப்பு மாணவர் முறைவைத்து, நாள்தோறும் அதிலே ‘இன்று’ என்று தலைப்பிட்டு, அந்தத் திகதியில் முன்னொரு காலத்தில் நிகழ்ந்த ஒன்றிரண்டு சம்பவங்களையும் அன்று பிறந்த பெரியோர் பெயர்களையும் எழுதி வைப்பர். உண்மையைச் சொன்னால், அதை நின்று வாசிப்போர் மிகச் சிலர். ஒரு பெப்ரவரி மாதத்துக் காலையில் மாத்திரம் அப்பலகையின் முன்னே சிறு கூட்டம் ஒன்று கூடியிருந்தது. ‘ஆபிரகாம் லிங்கன் பிறப்பு, 1809’ என்று ஒரு வரி. அதன் கீழே ‘சாள்ஸ் டார்வின் பிறப்பு, 1809’ என்று மற்றொரு வரி. எழுதியவன் ஆண்டை மாறி எழுதிவிட்டான் என்று ஒரு சாராரும், இல்லையென்று மறு சாராரும் வாதிட்டுக்கொண்டிருந்தனர். பிழை ஒன்றுமில்லை, இருவரும் ஒரே ஆண்டில் ஒரே நாளிலே பிறந்தவர்கள்தாம் என்று நான் சொன்னேன். அப்பொழுது ஒரு மாணவி கேட்டாள்: “அப்படியானால் இருவருடைய சாதகமும் ஒன்றுதானே, சேர்? பலன் ஏன் வேறாயிற்று?”

மணி அடித்துவிட்டது. மறுமொழி சொல்லாமலே வகுப்புக்குப் போய்விட்டேன். நேயர்களே, அக்கேள்வியை என்னால் எளிதில் மறக்க இயலவில்லை. இன்றைய பேச்சு அதிலிருந்தே பிறந்தது.

1809ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலே, செவேண் நதி வளைந்து செல்லும் ஷுரூஸ்பரி நகரத்தில், நதிக்கரை மேட்டின்மேல் பெரியதொரு செங்கல் வீடு. வீட்டுக்குரியவர் றொபேட் டார்வின் என்னும் வைத்தியர். கைராசி உள்ளவர், கைநிறையப் பொருளும் உள்ளவர். அவருடைய மனைவி சூசன்னா, மட்பாண்டத் தொழிலால் உலகப் புகழ்பெற்ற ஜொசையா வெட்ஜ்வுட்டின் மகள். அந்த வீட்டிலே ஐந்தாவது பிள்ளையாகச் சாள்ஸ் பிறந்தான்.

அதே ஞாயிற்றுக்கிழமை, அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில், ஹொட்ஜன்வில் என்னும் ஊருக்கு அண்மையிலே, மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறைக் குடிசை. மண்தரை. தந்தை தோமஸ் லிங்கன் ஓரளவு தச்சுவேலை தெரிந்த கமக்காரர். தாய் நான்சி. இவர்களுக்கு இரண்டாவது பிள்ளையாக ஆபிரகாம் பிறந்தான்.

சாத்திரியாரைக் கேட்டால், இலக்கினம் இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும், ஆதலால் இரண்டு சாதகமும் ஒன்றல்ல என்பார். அவருடைய சாத்திரத்தின்படி அது சரியே. ஷுரூஸ்பரிக்கும் கென்ரக்கிக்கும் சூரிய நேரத்தில் ஏறக்குறைய ஐந்தரை மணி வித்தியாசம் உண்டு. சாத்திரத்தோடு வழக்காடுவது என் நோக்கமன்று. ஆனால் அம்மாணவி கேட்ட கேள்வியின் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொண்டால், பலன் வேறாயிற்று என்பதே அவ்வளவு நிச்சயமான செய்தியா என்று எனக்கு ஐயம் உண்டாயிற்று.

முதலில் தாய்மாரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1817ஆம் ஆண்டு யூலை மாதத்தில் சூசன்னா இறந்தார். சாள்சுக்கு அப்பொழுது எட்டு வயது. 1818ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நான்சி இறந்தார். ஆபிரகாமுக்கு ஒன்பது வயது. காட்டிலே விளையும் ஒருவகை நச்சுப் பூண்டைத் தின்ற பசுவின் பாலைக் குடித்ததால் வரும் நோய் அது. ‘பால்நோய்’ என்று அக்குடியேற்றவாசிகள் அதை அழைத்தனர். காரணம் இன்னதென்று அக்காலத்தில் அவர்கள் அறியார். செங்கல் வீட்டுப் பிள்ளையும் குடிசைப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே வயதில் தாயற்றவராயினர்.

கல்வியிலேதான் இருவரும் வெகுதூரம் விலகி நிற்கின்றனர். டார்வின் எடின்பரோவில் வைத்தியம் படிக்கப் போனார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், ஒரு பிள்ளைக்குச் செய்த சத்திரசிகிச்சையைப் பார்க்கச் சகியாமல் ஓடிவந்துவிட்டார். பின்னர் கேம்பிறிட்ஜ். லிங்கன் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. இரவல் வாங்கிய புத்தகங்களே அவருக்குப் பல்கலைக்கழகம்.

எடின்பரோவில் டார்வினுக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ஒருவரை மாத்திரம் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். இறந்த பறவைகளின் தோலைப் பாடம்பண்ணி வைக்கும் கலையை 1826இல் அவர் பணம் கொடுத்துக் கற்றார். கற்பித்தவர் ஜோன் எட்மன்ஸ்ரன் என்னும் கறுப்பின மனிதர். தென்னமெரிக்காவின் கயானாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். அவரோடு அருகமர்ந்து பேசிய நேரங்களை டார்வின் முதுமையிலும் அன்போடு நினைவுகூர்ந்தார். பேராசிரியர் பலருடைய விரிவுரைகளைச் சலிப்பூட்டுவன என்று எழுதியவர் அவர் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. அடிமை வாணிகத்தை வெறுப்பது அவருடைய குடும்பச் சொத்து என்றே சொல்லலாம். விலங்கு பூட்டிய ஓர் அடிமை மண்டியிட்டுக் கை கூப்பி நிற்கும் உருவத்தை 1787இல் சிறு பதக்கமாகச் செய்து பரப்பியவர் அவருடைய பாட்டனார் வெட்ஜ்வுட்டே.

1831ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி ‘பீகிள்’ என்னும் கப்பலில் டார்வின் புறப்பட்டார். அவர் கண்ட ஆமைகளையும் குருவிகளையும் பற்றி நம் பாடப்புத்தகங்கள் பேசும். பிரேசில் நாட்டில் அவர் கண்டவற்றைப் பாடப்புத்தகங்கள் பேசுவதில்லை. றியோ நகரத்தில் அவர் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு முதியவள் இருந்தாள். தன் அடிமைப் பெண்களின் விரல்களை நசுக்குவதற்கென்று திருகாணிகளை வைத்திருந்தாள். மற்றொரு நாள், ஆற்றைக் கடக்கும் படகிலே, உடனிருந்த அடிமைக்குத் தாம் சொல்வது விளங்காமையால் டார்வின் உரத்த குரலில் கையை ஆட்டிப் பேசினார். கை அவன் முகத்துக்கு அருகே சென்றது. அவனோ ஆஜானுபாகுவான பலசாலி. அடிக்கத்தான் கை ஓங்குகிறார் என்றெண்ணி, அவன் இரு கைகளையும் கீழே தொங்கவிட்டு, கண்களைப் பாதி மூடி, அடிக்காகக் காத்து நின்றான். தன் முகத்தில் விழப்போகும் அடியைத் தடுக்கவும் அஞ்சும் ஒரு பெரிய மனிதனைக் கண்டபொழுது தமக்குண்டான வெட்கத்தை ஒருபொழுதும் மறக்கமுடியாது என்று டார்வின் எழுதினார்.

கப்பற்றலைவர் பிற்ஸ்ரோய் அடிமைமுறையை நியாயப்படுத்துபவர். ஒரு பெருந்தோட்ட முதலாளி தன் அடிமைகளை அழைத்து, விடுதலை வேண்டுமா என்று கேட்டதாகவும், அனைவரும் வேண்டாம் என்றதாகவும் அவர் சொன்னார். எசமான் முன்னிலையில் அடிமை சொல்லும் விடைக்கு என்ன பெறுமதி என்று டார்வின் கேட்டார். பிற்ஸ்ரோய் சீறி எழுந்தார். இனி ஒன்றாக வாழ இயலாது என்றார். சில மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டுச் சமாதானமாகியமையால்தான் அப்பயணம் தொடர்ந்தது. இருபத்துமூன்று வயதே ஆன விருந்தாளி, கப்பற்றலைவரின் முகத்துக்கு நேரே கேட்ட அந்தக் கேள்வியை நான் வரலாற்று வகுப்பில் அடிக்கடி சொல்வதுண்டு.

லிங்கனுடைய ஊர்ப்பாதை வேறு. 1816ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவருடைய தந்தையார் குடும்பத்தோடு ஒகாயோ நதியைக் கடந்து இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்தார். காணி உறுதியில் இருந்த சிக்கலே முதற்காரணம். அடிமைமுறையும் ஒரு காரணம் என்று லிங்கன் பிற்காலத்திற் கூறினார். அடிமைகளை வைத்து வேலை வாங்கும் பெருங் கமக்காரரோடு கூலியற்ற ஒற்றைக் கமக்காரர் போட்டியிட முடியாது என்பது வெளிப்படை. 1841இல், கென்ரக்கியிலுள்ள நண்பர் வீட்டுக்குப் போய்த் திரும்புகையில், நீராவிப் படகிலே பன்னிரண்டு அடிமைகளைக் கண்டார். ஆறாறு பேராக ஒரே சங்கிலியில் பிணைத்துத் தெற்கே கொண்டுபோனார்கள். அப்பொழுது எழுதிய கடிதத்தில், தூண்டிற் கயிற்றில் வரிசையாகக் கோத்த மீன்களைப் போல அவர்கள் இருந்தார்கள் என்றும், அந்த நிலையிலும் அவர்கள் பாடியும் சீட்டாடியும் மகிழ்ந்திருந்தது விந்தையென்றும் எழுதினார். பதினான்கு ஆண்டு கழித்து, 1855இல், அதே காட்சியைக் குறித்து அதே நண்பருக்கு எழுதும்பொழுது, அது தமக்கு ஓயாத வேதனையாயிருந்தது என்றார். ஒரே காட்சி, இரண்டு கடிதம். ஒரு மனிதனுடைய மனச்சாட்சி எத்தனை காலம் எடுத்துப் பழுக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது.

தாமதம் என்பதே இவ்விருவருக்கும் உண்மையாகப் பொதுவானது என்று நான் கருதுகிறேன். உயிரினங்கள் மாறி மாறி வந்தவை, அம்மாற்றத்தை நடத்துவது இயற்கைத் தெரிவு என்ற எண்ணம் 1838இலேயே டார்வினுக்கு உருவாகிவிட்டது. 1842இல் சுருக்கமாக எழுதினார். 1844இல் விரித்து எழுதி, தாம் இறந்துபோனால் அச்சிடுக என்று மனைவிக்குக் கடிதமும் எழுதி, உறையிலிட்டு வைத்துவிட்டார். உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று நண்பர் ஹூக்கருக்குத் தெரிவிக்கும்பொழுது, கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்றார். பிறகு எட்டு ஆண்டுகள், பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் சிற்றுயிர்களை அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊரார் என்ன சொல்வர் என்ற அச்சம் ஒருபுறம். பக்தியுள்ள மனைவியின் மனம் நோகுமே என்ற கவலை ஒருபுறம். சான்று போதாது என்ற விஞ்ஞானியின் நேர்மை மற்றொருபுறம். 1858 யூன் மாதத்தில், கீழைத் தீவுகளிலிருந்த உவாலஸ் என்பவர் இதே கருத்தைத் தாமே கண்டு எழுதிய கடிதம் வந்து சேர்ந்த பின்னரே கட்டாயம் ஏற்பட்டது. யூலை 1ஆம் திகதி இலண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவருடைய கட்டுரைகளும் வாசிக்கப்பட்டபொழுது டார்வின் அங்கே இல்லை. செங்காய்ச்சலால் இறந்த தமது கடைக்குட்டி மகனை அன்று அவர் அடக்கஞ்செய்துகொண்டிருந்தார். நூல் 1859ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி வெளிவந்தது. முதற்பதிப்பு 1,250 பிரதிகள்.

லிங்கன் 1861 மார்ச்சில் சனாதிபதியானார். ஏப்பிரலில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஏறக்குறைய 40 இலட்சம் அடிமைகள் அந்நாட்டில் இருந்தனர். யுத்தம் நாட்டின் ஒற்றுமைக்காகவே, அடிமைகளின் விடுதலைக்காக அன்று என்று லிங்கன் திரும்பத் திரும்பச் சொன்னார். கென்ரக்கி போன்ற எல்லை மாநிலங்கள் அடிமைமுறையை வைத்துக்கொண்டே அவர் பக்கம் நின்றன. அவை சாய்ந்தால் எல்லாம் சாயும் என்பது அவர் கணக்கு.

இந்தத் தாமதத்தைக் கண்டு இங்கிலாந்திலே ஒருவர் பொறுமையிழந்தார். அவர் வேறு யாருமல்லர். இருபது ஆண்டு தமது கருத்தைப் பெட்டியில் வைத்திருந்த டார்வினே! 1861 யூனில், அமெரிக்கத் தாவர நூலறிஞர் ஏசா கிறே என்பவருக்கு அவர் எழுதிய கடிதத்தில், வடமாநிலங்கள் அடிமைமுறைக்கு எதிராகவே புனித யுத்தம் அறிவிக்க மாட்டாவா என்று ஏங்கினார். அதனால் இலட்சக் கணக்கில் உயிர்கள் போனாலும் சரியே என்ற அளவுக்கு அவருடைய உள்ளம் கொதித்தது. தன் தாமதத்துக்குக் காரணம் அறிந்தவனுக்குப் பிறர் தாமதத்தின் காரணம் தெரியாமற்போவது மனித இயல்பு போலும்.

1862 பெப்ரவரியில் லிங்கனின் பதினொரு வயது மகன் வில்லி, சனாதிபதி மாளிகையிலேயே காய்ச்சலால் இறந்தான். அவ்வாண்டு யூலை 22ஆம் திகதி, விடுதலைப் பிரகடனத்தின் நகலை லிங்கன் தமது மந்திரிகள் முன் வாசித்தார். தோல்விமேல் தோல்வி வரும் வேளையில் இதை வெளியிட்டால் கடைசிக் கூக்குரலாகத் தோன்றும், ஒரு வெற்றி வரட்டும் என்று சூவாட் என்னும் மந்திரி ஆலோசனை கூறினார். லிங்கன் நகலை மடித்து வைத்துவிட்டார். ஓகஸ்டிலே ஒரு பத்திரிகாசிரியர் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டியபொழுது, அடிமைகளை விடுவிக்காமலே நாட்டைக் காக்க முடியுமானால் அதையும் செய்வேன் என்ற கருத்தில் விடை எழுதினார். அதை எழுதிய வேளையில் பிரகடனம் தயாராக இருந்தது! செப்டெம்பர் 17இல் அன்ரீற்றம் போர்க்களத்திலே கிடைத்தது அரைகுறை வெற்றிதான். அது போதும் என்று 22ஆம் திகதி முன்னறிவித்தலை வெளியிட்டார்.

1863 சனவரி 1ஆம் திகதி கையெழுத்திட வேண்டிய நாள். புதுவருட வாழ்த்துக்கு வந்த நூற்றுக்கணக்கானோருக்குக் காலைமுதற் கைகொடுத்துக் கொடுத்து அவருடைய வலக்கை மரத்துப் போயிருந்தது. பேனாவை எடுத்தார், கை நடுங்கிற்று, கீழே வைத்துவிட்டார். நடுங்கிய கையெழுத்தைப் பிற்காலத்தவர் பார்த்தால், இவன் தயங்கினான் என்பார்கள் என்று சொல்லி, சற்றுப் பொறுத்து, மெல்ல உறுதியாக எழுதினார்.

அப்பிரகடனமோ கலகஞ்செய்த மாநிலங்களுக்கு மாத்திரமே பொருந்தும். லிங்கன் பிறந்த கென்ரக்கி கலகஞ்செய்யவில்லை. ஆகவே அவர் பிறந்த குடிசை நின்ற மண்ணிலே இருந்த அடிமை அன்று விடுதலை பெறவில்லை. 1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் நிறைவேறும்வரை அங்கே அடிமைமுறை நின்றது. லிங்கன் அதைக் காணவில்லை. ஏப்பிரல் 14ஆம் திகதி இரவு சுடப்பட்டு மறுநாட் காலையில் உயிர் நீத்தார்.

இருவரையும் தெய்வமாக்கிவிடுதல் கூடாது. 1858ஆம் ஆண்டுத் தேர்தல் மேடையில், இரு நிறத்தாருக்கும் சமூக சமத்துவம் தரும் எண்ணம் தமக்கில்லையென்று லிங்கன் வாய்திறந்து சொன்னதுண்டு. மனிதகுலம் முழுவதும் ஒரே மூதாதையர் வழிவந்தது என்று 1871இல் நிலைநாட்டிய டார்வினும், அதே நூலிற் சில சாதியாரைத் தாழ்ந்தோர் என்று எழுதிச் சென்றார். ஆயினும், ஒவ்வொரு நிறத்தாரும் வெவ்வேறாகப் படைக்கப்பட்டோர் என்று கூறி அடிமைமுறைக்குத் துணைநின்ற கொள்கையின் வேரை ஒருவர் வெட்டினார். மரத்தை மற்றவர் வெட்டினார். ஒருவரையொருவர் அவர்கள் கண்டதேயில்லை.

இனி அந்தத் திகதிக்கு வருவோம். பெப்ரவரி 12 என்பது நம் கணக்கில் தை கழிந்து மாசி பிறக்கும் வேளை. அத்திகதியில் நிகழ்ந்தன என்று பட்டியல் எழுதினால் பலகை போதாது. 1554இல் இங்கிலாந்திலே, ஒன்பது நாள் அரசியாயிருந்த இளம்பெண் ஜேன் கிறே சிரச்சேதம் செய்யப்பட்டாள். 1804இல் தத்துவஞானி கான்ற் மறைந்தார். இவை இன்னொன்றோடு தொடர்பில்லாத தனித்தனிச் செய்திகள். போதாக்குறைக்கு, ஜேன் கிறேயின் பெப்ரவரி 12 நமது பெப்ரவரி 12 அன்று. இங்கிலாந்து பழைய நாட்காட்டியைக் கைவிட்டபொழுது, 1752 செப்டெம்பர் 2க்கு மறுநாளை 14 என்று கொண்டது. பழைய திகதிகளைத் திருத்திப் பார்த்தால் எல்லாம் இடம்பெயரும். 1912 பெப்ரவரி 12இல், ஆறே வயதான சீனச் சக்கரவர்த்தி பூயியின் பேரால் முடிதுறப்பு ஆணை வெளியாகி, ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பேரரசு முடிந்தது. அரண்மனைக் கணக்கில் அது பன்னிரண்டாம் மாதத்து இருபத்தைந்தாம் நாள். புதிய குடியரசின் கணக்கிலேதான் பெப்ரவரி 12. அன்று பீக்கிங் நகரத்தில் இரண்டு நாட்காட்டிகளும் அருகருகே தொங்கின என்று எண்ணிக்கொள்ளலாம்.

ஆனால் வேறொரு வகை உண்டு. தற்செயலாக விழுந்த நாளன்று. மனிதர் தெரிந்தெடுத்த நாள். தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டார் 1817 பெப்ரவரி 12இல் சக்கபுக்கோப் போரிலே ஸ்பானியரை வென்றனர். சரியாக ஓராண்டு காத்திருந்து, 1818இல் அதே திகதியில் சுதந்திரப் பிரகடனத்தைச் செய்தனர். 1908ஆம் ஆண்டு ஓகஸ்டில், லிங்கன் வாழ்ந்ததும் அவர் உடல் அடக்கம் பெற்றதுமான ஸ்பிறிங்பீல்ட் நகரத்திலேயே, கறுப்பின மக்களுக்கு எதிராகக் கலகம் மூண்டது. வீடுகள் எரிந்தன, கும்பல் இருவரைக் கொன்றது. லிங்கனுடைய ஊரிலா இது என்று வெட்கிய வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கூடி, அவருடைய நூற்றாண்டுப் பிறந்தநாளான 1909 பெப்ரவரி 12ஐ வேண்டுமென்றே தெரிந்து, நாட்டுக்கு ஓர் அறைகூவல் விடுத்தனர். கறுப்பின மக்களின் உரிமைக்காக நெடுங்காலம் நீதிமன்றங்களில் வழக்காடிய தேசியச் சங்கம் அதிலிருந்து உருவாயிற்று. அன்று லிங்கனைப் புகழ்ந்து விருந்துண்டோர் பலர்; அவர் அரைகுறையாக விட்ட வேலையைக் கையிலெடுத்தோர் இவர்கள்.

1948ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதியும் அவ்வாறு கணக்கிட்டு வந்த நாளே. சனவரி 30இல் சுடப்பட்ட காந்தியடிகளின் அஸ்தி, மூன்றாம் வகுப்புப் புகைவண்டியில் தில்லியிலிருந்து கொண்டுவரப்பட்டு, பதின்மூன்று நாள் கழித்து அன்று அலகாபாத்திலே திரிவேணி சங்கமத்திற் கரைக்கப்பட்டது. இலங்கை சுதந்திரமடைந்து அப்பொழுது எட்டு நாளே ஆகியிருந்தது.

இலங்கையைச் சொன்னேன். டார்வின் இந்தத் தீவை மிதித்தவரல்லர். ஆயினும் பேராதனைப் பூந்தோட்டத்துக்குத் தலைவராயிருந்த துவெயிற்ஸ் என்பவரிடமிருந்து இந்நாட்டுப் பூக்களைத் தருவித்து ஆராய்ந்தார். பிடிபட்ட யானைகள் கட்டுண்டு கிடக்கையிற் கண்ணீர் வடிக்கும் என்று இங்கே குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த தெனன்ற் எழுதியதைத் தமது 1872ஆம் ஆண்டு நூலிலே எடுத்தாண்டார். லிங்கனின் நாட்டவரான பாதிரிமாரோ 1816ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டனர். அதே 1816ஆம் ஆண்டில், ஏழு வயதுப் பையன் ஆபிரகாம் அடிமை மாநிலத்தை விட்டு ஒகாயோ நதியைக் கடந்த ஆண்டில், நம் நாட்டிலே ஒரு திகதி நிச்சயிக்கப்பட்டது. இதைச் சொல்வதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன் என்றாலும் தவறில்லை.

அடிமைமுறை பிரேசிலுக்கும் அமெரிக்காவுக்கும் மாத்திரம் உரிய பாவம் என்று நம் பிள்ளைகள் எண்ணுவதுண்டு. கொழும்பிலே ஒல்லாந்தர் வழிவந்தோர் வீடுகளில் அடிமைகள் இருந்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நம்மவர் வீடுகளிலும் வயல்களிலும் கோவியர், நளவர், பள்ளர் என்னும் வகுப்பாரிற் பெருந்தொகையினர் அடிமைகள் என்றே சட்டத்தில் பதியப்பட்டிருந்தனர். பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன், அடிமையுடையோரோடு பலகாலம் பேசி, இனிப் பிறக்கும் பிள்ளைகளையாவது சுதந்திரப் பிள்ளைகளாக விடுமாறு அவர்களை இணக்கினார். எந்நாள் முதலாக என்ற கேள்வி எழுந்தது. ஒரு பிறந்தநாளையே தெரிந்தனர். அரசப் பிரதிநிதியாக ஆண்ட இளவரசர் ஜோர்ஜின் பிறந்தநாள், ஓகஸ்ட் 12. 1816ஆம் ஆண்டு அத்திகதி தொடக்கம், இணங்கியோர் வீட்டு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை அடிமையன்று.

இவ்விடத்திலே அம்மாணவியின் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. ஒரே திகதியிற் பிறந்த இருவருக்கு ஒரே பலன் கிடைக்குமா என்று அவள் கேட்டாள். ஒருநாள் முன்பின்னாகப் பிறந்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஒரே கொட்டில், ஒரே மருத்துவிச்சி, நட்சத்திரத்திலும் அதிக பேதமில்லை. ஓகஸ்ட் 11ஆம் திகதி மாலை பிறந்தது எசமானின் உடைமை. மறுநாட் காலை பிறந்தது மனிதப் பிள்ளை. கிரகங்கள் செய்த வேற்றுமையன்று இது. மனிதர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து, ஒரு திகதியைத் தாளில் எழுதிச் செய்த வேற்றுமை.

1818இல் அடிமைகளைப் பதிவுசெய்யும் ஒழுங்குவிதி வந்தது. அடிமைத்தனம் தாய்வழியே இறங்குவதாகையால், யாழ்ப்பாணத்தில் அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசாங்கமே விலைகொடுத்து விடுவிக்கும் விதி 1821இல் வந்தது. பதிவேட்டிலே பெயர் ஏறிய மற்றவர்கள் பதிவேட்டிலேயே இருந்தனர். எஞ்சியிருந்த அடிமைமுறை முழுவதையும் நீக்கும் கட்டளைச் சட்டம் 1844ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. 1816 ஓகஸ்ட் 11ஆம் திகதி பிறந்த அந்தப் பிள்ளைக்கு அவ்வாண்டிலே 28 வயது நிறைந்திருக்கும்.